தனுஷ்கோடியில் நிற்கும் சுவர்கள்

அரிச்சல்முனைக்குப் போகிற வேன்கள் வழியில் சற்று நேரம் நிற்கின்றன. சங்குமாலைக் கடைகளைத் தாண்டி நடந்தால் ஸ்டேஷன். கூரை இல்லை. உடைந்த சுவர்களும், இன்ஜினுக்குத் தண்ணீர் வைத்திருந்த தொட்டியின் தூண்களும் மிச்சம்.

*

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் இங்கே ரயில் வந்தது. எழும்பூரில் போட் மெயில் ஏறியவர்கள் இங்கே கப்பல் மாறித் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார்கள். எனக்கு அதிகம் நினைவு வருவது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டு, பிறகு இந்த வழியாகத்தான் கடல் தாண்டினார்கள். பலருக்குச் சொந்த மண்ணில் கடைசியாகக் கால் பட்ட இடம் இது.

*

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சரைப் புயலலை கொண்டுபோனது. நூறு பேருக்கு மேல். ஊரும் போயிற்று. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. மீனவர்கள் மட்டும் இன்றும் குடிசை போட்டு இருக்கிறார்கள்.

*

இந்த ஊர்ச் சுவர்களில் பவளப்பாறைக் கல் உண்டு. பக்கத்தில் இருக்கும் மாதா கோயிலில் நன்றாகவே தெரியும். விரல் வைத்தால் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றும் ஓர் உயிர் இருந்த அறை. நடுவே சுண்ணாம்புக் காரை. உப்புக் காற்று அதை மாவாக உதிர்க்கிறது.

பவளப்பாறையை வெட்டுவது இன்று சட்டப்படி குற்றம், அது சரியானதும்கூட. ஆகவே விழுந்த கல்லுக்கு மாற்றுக்கல் கிடையாது. விழுந்ததையே எடுத்து அதே இடத்தில் வைக்க வேண்டும். அதுவும் சுண்ணாம்பில், சிமெண்ட் பூசினால் உப்பு உள்ளேயே தங்கிக் கல்லைத் தின்றுவிடும்.

*

ராமேஸ்வரத்திலிருந்து இங்கே வரும் புதிய ரயில் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் பழைய ஸ்டேஷனைப் புதுசாக்கி வண்ணம் அடித்துவிடக் கூடாது. இடிந்தது இடிந்தபடியே இருக்கட்டும், மேற்கொண்டு விழாமல் தாங்கினால் போதும். சுற்றி ஒரு வேலி, ஒரு காவலாள், இறந்தவர்களுக்கும் கடல் தாண்டியவர்களுக்கும் தமிழில் ஒரு பலகை. பெரிய செலவில்லை.

அதுவரை, அங்கே போகிறவர்கள் சுவரில் ஏறிப் படம் எடுக்காதீர்கள், பெயர் கீறாதீர்கள். ஞாபகத்துக்கென்று ஒரு கல்லைக்கூட எடுத்து வராதீர்கள்.