சாப்பிட்ட தட்டு

வடசென்னையில் எம்.கே.பி. நகர் என்று சுருக்கிச் சொல்லிப் பழகிவிட்டதால், அது மகாகவி பாரதி நகர் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஆணும் பெண்ணும் சரிசமம் என்று பாடிய கவிஞரின் பெயரைத் தாங்கிய அந்தப் பகுதியிலும், அதையொட்டிய வியாசர்பாடியிலும் தண்ணீர் லாரி வந்தால் பையன்களும் குடம் தூக்குகிறார்கள். சைக்கிளில் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு வந்து வாசலில் இறக்குகிறார்கள். அந்த வாசற்படியோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே அந்தத் தண்ணீரில் அரிசி களைவதும் பாத்திரம் துலக்குவதும் அம்மாவும் அக்காவும்தான்.

ஆண்களுக்கு இந்த வேலை வராது என்று யாரும் சொல்ல முடியாது, அதிலும் வடசென்னையில். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர்கள் நாள்கணக்கில் கடலிலேயே உலை வைத்து, குழம்பு கூட்டிச் சாப்பிடுகிறார்கள். அண்டா அண்டாவாக பிரியாணி இறக்கும் மாஸ்டர்கள் ஆண்கள். பர்மா பஜார் பக்கம் அத்தோ நூடுல்ஸ் பிசைந்து கொடுப்பவர்களும் பெரும்பாலும் ஆண்களே. கூலி இருந்தால், அல்லது பெண் யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால், ஆண் கை எல்லா வேலையும் செய்கிறது. வீட்டுக்குள் வந்ததும் அந்தக் கை ஓய்ந்துபோவது பழக்கத்தால். பழக்கம் என்றால் யாரோ பழக்கியது.

2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லாத வீட்டு வேலையைக் கணக்கெடுத்தது. 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சுமார் 81 சதவீதம் பேர் அதைச் செய்தார்கள். ஆண்களில் 26 சதவீதம் பேர். செய்தவர்களிலும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97. 2024-இல் மீண்டும் ஆய்வு செய்தபோது 289, 88. ஐந்து ஆண்டுகளில் இடைவெளி ஒரே ஒரு நிமிடம்தான் குறைந்திருக்கிறது.

மகனை வேலை செய்ய விடாத தாயைக் கடிந்துகொள்வது எளிது, நியாயமில்லை. வேலைக்குப் போய் பஸ் பிடித்துத் திரும்புகிறவள், படிக்கிற பிள்ளையாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைக்கிறாள். அது அன்புதான். ஆனால் பக்கத்து அறையில் மகளும் படிக்கிறாள். அவளைத்தான் தட்டைக் கழுவக் கூப்பிடுகிறார்கள். அண்ணன் சாப்பிட்ட தட்டைத் தங்கை எடுக்கும் அந்த நிமிடத்திலேயே இரண்டு பிள்ளைகளும் ஒரு பாடம் கற்றுவிடுகிறார்கள். மகனுக்குக் கொடுத்த செல்லத்தின் செலவை முதலில் தங்கை ஏற்கிறாள். பிறகு, இந்த வீட்டை இன்னும் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு பெண் ஆயுள் முழுக்க ஏற்கிறாள். “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிடும்” என்று சொல்லும்போது, சரிசெய்யப் போகிறவள் அவள்தான். அவளை யாரும் கேட்கவில்லை. தன் பிள்ளைக்கு அன்பு காட்ட இன்னொருத்தியின் நேரத்தை எடுத்துக் கொடுக்கும் உரிமை எந்தத் தாய்க்கும், தந்தைக்கும் கிடையாது.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து மணலியிலிருந்து வரும் ஆணிடம் பாதி வேலையைக் கேட்பது முறையா என்ற கேள்வியும் உண்மையானது. வேலையை அளந்து இரண்டாகப் பிரிக்க முடியாதுதான். ஓய்வை அளந்து பார்க்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் டிவி முன்னால் இருக்க, இன்னொருவர் நாளைக்கு மாவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றால் அங்கே நியாயம் குறைகிறது. “அவர் எனக்கு நல்லா ஹெல்ப் பண்ணுவார்” என்று மனைவிகள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஹெல்ப் என்றாலே வேலை அவளுடையது என்று ஆகிவிடுகிறது. சொன்னதைச் செய்வதோடு, அரிசி தீர்ந்ததையும் சிலிண்டர் பதியவேண்டியதையும் தானாக நினைவில் வைத்திருப்பதும் வேலைதான்.

சட்டமும் அரசும் இதை ஓரளவு கண்டுகொண்டிருக்கின்றன. கணவன் பெயரில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்பும் அடங்கியிருக்கிறது, அவளுக்கும் பங்குண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசின் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனாலும் அவை அவள் உழைப்பை மதிக்கின்றனவே தவிர, சுமையில் ஒரு குடத்தைக்கூட இறக்கி வைப்பதில்லை. அதை வீட்டில்தான் செய்ய முடியும். மகனுக்குப் பத்து வயதில் தொடங்கினால் நல்லது. அப்பா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தால், பையனிடம் அதிகம் பேச வேண்டியிருக்காது.

“ஆம்பளப் புள்ளயப் போய் பாத்திரம் கழுவ விடுறியே” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். அதைத் தாங்கிக்கொள்ளலாம். அதைவிடக் கஷ்டமானது வேறொன்று. அவன் கழுவிய தட்டில் முதல் சில மாதங்கள் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். பொறுக்க முடியாமல் அம்மாவின் கை தானாக அதை எடுக்கப் போகும். எடுக்காமல், அவனைக் கூப்பிட்டு விளிம்பைக் காட்டி, இன்னொரு முறை தேய்க்கச் சொல்லிவிட்டு, அவன் தேய்த்து முடிக்கும்வரை அவள் உட்கார்ந்திருக்க வேண்டும்.