துணிவு ஒருவருக்கு, நஷ்டம் எவருக்கு?

ஜோகூர் பாருவிலும் மூவாரிலும் பத்து பஹாட்டிலும் குளுவாங்கிலும் நம்மவர் கடைகளில் இப்போது அடிக்கடி எழுகின்ற வாக்குவாதம் ஒன்று உண்டு. "அத்தா நடத்திய வழியிலேயே கடை நடக்கட்டும், புதிதாக ஒன்றும் வேண்டாம்" என்பது ஒரு கட்சி. "காலம் மாறிவிட்டது, எல்லாவற்றையும் மாற்றாவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்" என்பது மற்றொரு கட்சி. பெரும்பாலும் முன்னது தகப்பனார் கட்சி. பின்னது மகன் கட்சி. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு சாராரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்றும் இருக்கிறது. முயற்சி தோற்றால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? இதைக் கேளாமல் புதுமையைப் புகழ்வதும் சரியன்று. பழமையைப் போற்றுவதும் சரியன்று என்பது நமது கருத்து.

முதலில் பழமைக் கட்சியினருக்கு ஒரு வார்த்தை. அவர்கள் காக்க விரும்புகிற பழமை, பிறந்த நாளில் புதுமையாகத்தான் இருந்தது. பினாங்கில் நம் மக்கள் ஒரு தடியின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளர் இருக்கும் இடத்திற்கே கொண்டுபோய் விற்றார்கள். அப்படிச் சுமப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே 'கண்டார்'. நாசி கண்டார் என்ற பெயர் அவ்வாறு வந்ததுதான். பசித்தவன் கடையைத் தேடி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1907இல் முஹம்மது தம்பி ராவுத்தர் பினாங்கில் தொடங்கிய ஹமீதியா உணவகம் நூறாண்டு கடந்தும் நடைபெற்று வருகிறது. தோளில் இருந்த வியாபாரம் கூரையின் கீழ் வந்தது ஒரு புதுமை. இரவும் பகலும் அடுப்பணையாத கடை என்பது பின்னால் வந்த இன்னொரு புதுமை. இன்று இவற்றையெல்லாம் பரம்பரை வழக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

புதிது என்றாலே மார்க்கத்திற்கு ஆகாதது என்று எண்ணித் தயங்குவோரும் நம்மில் உண்டு. வணக்க வழிபாட்டில் இல்லாததைப் புகுத்துவது வேறு. தராசையும் பேரேட்டையும் மாற்றுவது வேறு. மதீனாவில் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கும் வழக்கத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) ஓர் அபிப்பிராயம் கூறினார்கள். அதைக் கேட்டு மக்கள் அவ்வேலையை நிறுத்திவிடவே, அந்த ஆண்டு விளைச்சல் குன்றியது. இத்தகைய உலக காரியங்களை அவற்றில் பழகிய நீங்களே நன்கறிவீர்கள் என்று நாயகம் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். இந்தச் செய்தியை அறிந்த சமுதாயம், தொழில் முறையை மாற்றுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இனி நம் ஜோகூருக்கே வருவோம். பாலத்தருகே உள்ள பணமாற்றுக் கடைகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்த விஷயம் முழுவதும் விளங்கும். 1924 ஜூன் 28இல் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. அதன் பிறகும் நெடுங்காலம் இரு கரைகளுக்கும் பணம் ஒன்றாகவே இருந்தது. 1967 ஜூனில் மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. ஆயினும் வெள்ளிக்கு வெள்ளி என்ற சம மதிப்பில் இரண்டும் இரு பக்கமும் செல்லுபடியாயின. 1973 மே மாதத்தில் அந்த ஏற்பாடு முடிந்தது. அன்று முதல் பாலத்தைக் கடப்பவனுக்குப் பணம் மாற்றித் தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. அத்தேவையை நிறைவேற்ற முன்வந்தவர்களில் நம்மவர் பலர். சிறு இடம், ஓர் இரும்புப் பெட்டி, கணக்குத் தெரிந்த மனிதன், நாணயம் தவறாத பெயர் ஆகிய இவைதாம் அவர்களுடைய மூலதனம்.

பிறகு அந்தத் தொழிலைச் சூழ்ந்து ஒவ்வொன்றாக மாறியது. 2011ஆம் ஆண்டுச் சட்டம், பணமாற்று, பணம் அனுப்புதல், மொத்த நாணய வணிகம் ஆகிய மூன்றையும் ஒரே ஒழுங்கின் கீழ்க் கொண்டுவந்து, பேங்க் நெகாராவின் மேற்பார்வையை இறுக்கியது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நிலவழி எல்லை 2022 ஏப்ரல் முதல் தேதியில்தான் மீண்டும் முழுமையாகத் திறந்தது. ஏறக்குறைய ஈராண்டுக் காலம் பாலம் வெறிச்சோடிக் கிடந்தது. 2023 மார்ச் மாதத்தில் கைபேசியால் கட்டத்தைப் படமெடுத்துக் கடல் கடந்தும் விலை செலுத்தும் வசதி வந்தது. அதே ஆண்டு நவம்பர் 17இல் சிங்கப்பூரின் பேநவ்வும் மலேசியாவின் டூயிட்நவ்வும் இணைந்தன. இப்போது ஒருவர் கைபேசி எண்ணைக் கொண்டே அக்கரைக்குப் பணம் அனுப்பிவிடலாம்.

ஒரு மாற்றத்தால் பிறந்த தொழில் இன்னொரு மாற்றத்தால் மெலிகிறது. இதில் வியப்பில்லை. 1973இல் தேவையைக் கண்டவர்களுக்கு இருந்த கண், இன்று அவர்கள் பிள்ளைகளுக்கும் இருக்கிறதா என்பதே கேள்வி. உம்ரா செல்வோருக்கு ரியாலும், படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்குப் பல நாட்டுப் பணமும் இன்றும் வேண்டித்தான் இருக்கின்றன. உரிமம் பெற்று ஊருக்குப் பணம் அனுப்பும் சேவையைச் சேர்ப்பதும், அன்றைய விலையைக் கைபேசியிலேயே அறிவித்து முன்பதிவு பெறுவதும், பல கிளைகளின் இருப்பை ஒரே ஏட்டில் காண்பதும் நடக்கக்கூடிய காரியங்களே.

அறிஞர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? ஆஸ்திரிய நாட்டில் தோன்றிய பொருளாதார அறிஞர் ஷும்பீட்டர், 1911இல் வெளியான தம் நூலில், வியாபாரத்தில் புதுமை ஐந்து வகைப்படும் என்றார். புதுச் சரக்கு, புது உற்பத்தி முறை, புதுச் சந்தை, புதுக் கொள்முதல் இடம், தொழிலின் புது அமைப்பு என்பனவே அவை. கண்ணாடி அலமாரியும் மின்விளக்குப் பலகையும் மட்டும் புதுமை ஆகா என்பது இதிலிருந்து தெரிகிறது. 1983இல் டேனி மில்லர் என்பவர், தொழில் முனைப்புள்ள நிறுவனத்தின் குணங்களாகப் புதுமை செய்தல், துணிந்து இறங்குதல், பிறருக்கு முந்திச் செயற்படுதல் ஆகிய மூன்றையும் எடுத்துரைத்தார்.

இக்குணங்கள் லாபத்தைக் கூட்டுகின்றனவா என்பதைப் பலரும் ஆராய்ந்திருக்கிறார்கள். 14,259 நிறுவனங்களைப் பற்றிய 51 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. தொடர்பு உண்டு என்பதே அம்முடிவு. ஆனால் முழுத் தொடர்புக்கு 1 என்று வைத்தால், கண்டது சுமார் 0.24தான். துணிவு உதவுகிறது, துணிவு மட்டுமே வியாபாரம் ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். 2011இல் விக்லண்ட், ஷெப்பர்ட் என்ற இருவர் இன்னும் கூர்மையான ஒன்றைக் கூறினர். இத்தகைய கணக்குகளில் பெரும்பாலும் பிழைத்திருக்கும் நிறுவனங்களே இடம்பெறுகின்றன. மூடிவிட்டுப் போனவை கணக்கில் வருவதில்லை. துணிந்தவர்களில் சிலர் மிக உயர்கிறார்கள். சிலர் அடியோடு விழுகிறார்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வி இங்கேதான் மீண்டும் எழுகிறது. சராசரியில் நன்மை தரும் முயற்சி, சிலரை மூழ்கடிக்கவும் செய்யும் என்றால், மூழ்குகிறவர் யார்?

புது முயற்சியில் இறங்குகிறவன் வேறு, நஷ்டத்தைத் தாங்குகிறவன் வேறு என்று ஷும்பீட்டரே எழுதியிருக்கிறார். பணம் கொடுத்தவன்தான் நஷ்டப்படுகிறான் என்பது அவர் கருத்து. இதை நம் மார்க்கச் சட்டம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டு, அதற்கு ஒழுங்கும் செய்து வைத்திருக்கிறது. முளாரபா என்னும் கூட்டில் ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். லாபத்தை முன்பே பேசிய விகிதப்படி பிரித்துக்கொள்கிறார்கள். நஷ்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகிறது. உழைத்தவருக்கு உழைப்பு போகிறது. உழைத்தவர் பேசிய வரம்பை மீறினாலோ, அசட்டையாக இருந்தாலோ அவரே ஈடு செய்ய வேண்டும். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆபத்தை ஏற்பவர் அறிந்து, சம்மதித்து, தம் பங்கின் அளவு தெரிந்து ஏற்கிறார். துணிவு நல்லொழுக்கமாவது இந்தச் சம்மதத்தினால்தான்.

இப்போது நம் கடைகளை நினைத்துப் பாருங்கள். மகன் புதுக் கிளை திறக்கிறார். பணம் எங்கிருந்து வருகிறது? சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரியின் தவணை தள்ளிப்போகிறது. சிப்பந்தியின் சம்பளம் பத்து நாள் தாமதமாகிறது. அவருடைய சேமநிதிக்குப் பிடித்த தொகை கட்டப்படாமல் கிடக்கிறது. வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போகிறது. கிளை ஓடினால் லாபம் முதலாளிக்கு. ஓடாவிட்டால் நஷ்டம் இவர்களுக்கு. அவர்களில் எவரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சம்பளம் முதலாளி போடும் முதல் அன்று. அது அவர் பட்ட கடன். பிறர் கடனைப் பந்தயமாக வைத்து ஆடுவதற்குத் துணிவு என்று பெயரிடலாகாது.

இதைக் கேட்டு, "நாங்கள்தான் எதையும் மாற்றுவதில்லையே" என்று தகப்பனார் கட்சியினர் மகிழ வேண்டாம். அவர்களுக்கும் இக்கேள்வி உண்டு. முப்பது ஆண்டுகளாக ஒரே மாதிரி நடந்த கடை ஒரு நாள் மூடப்படுகிறது. வேறு தொழில் கற்காத, ஐம்பது வயதைக் கடந்த சிப்பந்தி தெருவில் நிற்கிறார். இருபது வயதில் ஊரிலிருந்து வந்து, இளமை முழுவதையும் அந்தக் கல்லாவுக்குக் கொடுத்தவர் அவர். எதையும் மாற்றாமல் இருந்ததும் ஒரு பந்தயமே. காலம் மாறாது என்று முதலாளி பந்தயம் கட்டினார். தோற்றபோது கொடுத்தவர் சிப்பந்தி. அவரையும் எவரும் கேட்கவில்லை. எனவே அசையாமல் இருப்பவருக்குப் பொறுப்பில்லை என்று எண்ணுவது மயக்கம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? நமக்குத் தோன்றுவதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, புது முயற்சிக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும். அது முழுவதும் போனாலும் பழைய கடை நடக்க வேண்டும். சம்பளமும் கடனும் குறித்த நாளில் தீர வேண்டும். இரண்டாவது, கூட்டாளி தம்பியானாலும் மச்சானானாலும், பங்கும் நஷ்ட வரம்பும் எழுத்தில் இருக்க வேண்டும். கடனை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் மார்க்கத்தில் பிறந்துவிட்டு, வாய்ப்பேச்சை நம்பிக் குடும்பம் பிரிவது நமக்கு அழகன்று. மூன்றாவது, முயற்சிக்குத் தனிக் கணக்கும், முடிவு காண ஒரு நாளும் குறிக்க வேண்டும். அந்த நாளில் ஏடு சொல்வதைக் கேட்க வேண்டும். மானம் போகுமே என்று மேலும் மேலும் பணத்தைக் கொட்டக் கூடாது. நான்காவது, மாற்றத்தால் எந்தச் சிப்பந்தியின் வேலை மறையுமோ, அவருக்கு முதலில் புது வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டு இல்லையென்று திரும்பிய சரக்கு எது என்பதை முதலாளியைவிட அவரே நன்கறிவார். அவர் யோசனையைக் கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இவ்வளவும் செய்து, அளவோடு இறங்கி, அப்படியும் ஒருவர் தோற்றால், அவரைச் சமுதாயம் ஏளனம் செய்யலாகாது. கடன் தீர்த்துத் தோற்றவர் நேர்மையாகத் தோற்றவர். அவருக்கு மறுபடியும் சரக்குக் கொடுக்க நாலு பேர் முன்வர வேண்டும். அந்த நாலு பேர் இல்லாத ஊரில் யாரும் புதிதாக எதையும் முயல மாட்டார்கள். அதன் பலனை ஊர் முழுவதும் அனுபவிக்கும்.

காலம் நம் வாசலில் நிற்கிறது. 2025 ஜனவரி 7இல் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார வட்டாரத்திற்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. புக்கிட் சாகரையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் ரயில் பாதை, ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் அளவில் திட்டமிடப்பட்டது. ஜனங்கள் இறங்கும் இடம் மாறினால், கடைத்தெருவின் நடையும் மாறும். அந்த மக்களுக்கு என்ன வேண்டும், அதை நாம் எப்படிக் கொடுக்கலாம் என்று தகப்பனாரும் மகனும் ஒரே மேசையில் அமர்ந்து பேசட்டும். பேரேட்டையும் திறந்து வைத்துக்கொள்ளட்டும். அந்த மேசையில் நெடுநாள் சிப்பந்திக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். இதுவே நமது வேண்டுகோள்.