ரகசியமும் நட்பும்

முட்டத்துக் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, கடலோரப் பாறை ஒன்றின்மேல் உட்கார்ந்து ஒரு நாவலைப் படித்து முடித்தேன். டோனா டார்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1992-இல் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஹிஸ்டரி' அது.

மர்மக் கதைகளில் கொலையாளி யார் என்பது கடைசியில்தான் விளங்கும். இதில் தொடக்கத்திலேயே விளங்கிவிடுகிறது. ஒரு கல்லூரியில் கிரேக்கம் பயிலும் ஆறு நண்பர்கள். அவர்களில் நால்வர் ஓரிரவு வெறியாட்டத்தில் குடியானவன் ஒருவனைக் கொன்றுவிடுகிறார்கள். அது ஐந்தாவது நண்பனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் வாயை அடைக்க அவனையும் கொல்கிறார்கள். இந்தக் கொலைக்கு ஆறாமவனும் துணை போகிறான். கதையைச் சொல்பவன் அவனே. 'என்னையும் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்களே' என்ற பெருமை ஒன்றே அவனை அவ்வளவு தூரம் இழுத்துச் சென்றுவிட்டது!

சீமைக் கற்பனை என்று இதை ஒதுக்க முடியவில்லை. நம் நாட்டிலேயே, பூனாவில், 1976 ஜனவரிக்கும் 1977 மார்ச்சுக்கும் இடையில் ஓவியக் கல்லூரி மாணவர் நால்வர் பத்துப் பேரைக் கொன்றார்கள். முதல் பலி, அவர்களோடு படித்த மாணவன். அந்தக் கொலையை அறிந்திருந்த இன்னொரு தோழன் பின்னால் அப்ரூவராகிச் சாட்சி சொன்னான். நால்வரும் 1983 நவம்பர் 27-இல் எரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

நண்பர்களைக் காட்டிக் கொடுத்தவன் என்று அவனை ஏசலாமா? சொன்னது குற்றமல்ல, காலம் தாழ்த்திச் சொன்னதே குற்றம். முதல் நாளே வாய் திறந்திருந்தால் ஒன்பது பேர் பிழைத்திருக்கக்கூடும். ஏன், அந்த நால்வருமேகூடத் தூக்குமேடைக்குப் போகாதிருந்திருக்கலாம்.

நட்புக்கு உதாரணமாகக் கர்ணனைச் சொல்கிறோம். துரியோதனனுக்காக அவன் உயிரையே கொடுத்தான், உண்மைதான். ஆனால், பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்த அன்று, 'இது தகாது' என்று ஒரு சொல் சொன்னானா? அதைச் சொன்னவன் துரியோதனனின் தம்பி விகர்ணன். நட்பைப் பற்றி ஐந்து அதிகாரம் செய்த வள்ளுவரும், இடித்துரைப்பதை நட்பின் கடமையாகத்தான் வைத்தார்.

பிறருக்குச் சொல்வது சுலபம். நான் மாணவனாக இருந்தபோது, விடுதியில் ஒருவனுடைய பணம் களவு போயிற்று. எடுத்தவன் என் நண்பன். பழி, சமையற்கட்டில் வேலை பார்த்த பையன்மேல் விழுந்தது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் வெளியேறியதை நண்பனும் நானும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று நான் காத்தது நட்பை என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

பொழுது சாய்ந்தது. தலைக்குமேல் விளக்கு எரியத் தொடங்கியது. 1875-ஆம் ஆண்டு முதல் முட்டத்தில் அதற்கு ஒரே வேலைதான்: கரை எங்கே, பாறை எங்கே என்பதை வருகிறவனுக்கு மறைக்காமல் காட்டுவது.

அந்த நண்பனும் நானும் இன்றும் பொங்கலுக்குப் பொங்கல் கடிதம் எழுதிக்கொள்கிறோம். குடும்ப நலம், ஊர் நலம் எல்லாம் எழுதுவோம். அந்தப் பையனைப் பற்றி மட்டும் இருவரும் ஒரு வரிகூட எழுதியதில்லை.