முறுவலும் வாய்மையும்

உள்ளத்தில் வெறுப்பிருக்க முகத்தில் முறுவல் காட்டுதல் வஞ்சகமன்றோ என வினவுவார் உளர். பிரான்சு தேசத்து லிசியே நகரின் கார்மேல் மடத்தில் 1888-இல் தமது 15-ஆம் வயதிற் புகுந்த தெரேசம்மாளின் வாழ்க்கை இதற்கு விடையாகும்.

மடத்துச் சகோதரி ஒருவரின் போக்கு அவருக்குச் சற்றும் ஒவ்வவில்லை. எனினும் காணுந்தோறும் முறுவலித்தார். மனம் அடங்காதபோது அவ்விடம் விட்டே ஓடினார். தம்மிடம் எதைக் கண்டு இத்துணை அன்பென அச்சகோதரியே வியந்து கேட்டார்! இதனையும், செபவேளையில் தாம் உறங்கியதையும் தெரேசம்மாள் ஒளியாது எழுதி வைத்தார். 1897-இல் 24-ஆம் வயதில் மறைந்த அவர், 1925-இல் புனிதராக உயர்த்தப்பெற்றார்.

வஞ்சகன் தன்னலத்திற்காக முறுவலிப்பான். இவரோ பிறர் மனம் நோகாமைக்காக முறுவலித்தார். வெறுப்புத் தோன்றுதல் மனித இயல்பு. அதனைச் சொல்லிலும் செயலிலும் ஏறவிடாமையே அறம். வெறுப்பையே அறியாதவர் நமக்கு வழிகாட்டுவது எங்ஙனம்?