பழிநீக்கமும் பழியேற்பும்

முன்னுரை

ஓர் இனத்தின்மீது நூற்றாண்டுகளாகச் சுமத்தப்பட்ட பழியைச் சமயத் தலைமை பிற்காலத்தில் விலக்கிக்கொள்வது 'விடுவிப்பு' எனப் போற்றப்படுகிறது. ஆயின், பிழையாகக் குற்றம் சாட்டியவர்க்கு விடுவிக்கும் உரிமை உண்டா? இயேசுவின் மரணம் குறித்து யூதர்மீது சுமத்தப்பட்ட பழியைக் கத்தோலிக்கத் திருச்சபை மறுஆய்வு செய்த வரலாற்றின்வழி இவ்வறவினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பழியும் மறுஆய்வும்

இயேசுவுக்குச் சிலுவைத் தண்டனை விதித்தவன் உரோமை ஆளுநன் பிலாத்து. எனினும், அவருடைய இரத்தப்பழியைத் தம்மீதும் தம் மக்கள்மீதும் கூட்டத்தார் ஏற்பதாக மத்தேயு நற்செய்தி (27:25) கூறும் பகுதி, யூத இனம் முழுமைக்கும் வழிவழியாகத் தொடரும் குற்றத்தின் சான்றாகக் கொள்ளப்பட்டது. 1096இல் முதற் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் ஆற்றங்கரை நகரங்களில் யூதரைக் கொன்றமைக்கு இப்பழியும் ஒரு காரணமாயிற்று.

நாசிகளின் கொடுமையில் மனைவியையும் மகளையும் இழந்த பிரெஞ்சு யூத வரலாற்றறிஞர் ழூல் ஈசாக், 1960இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானைச் சந்தித்து, யூதரைப் பற்றிய போதனையை மறுஆய்வு செய்ய வேண்டினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 28.10.1965 அன்று, 2221 வாக்குகள் ஆதரவாகவும் 88 எதிராகவும் அமைய, 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' என்னும் அறிக்கையை ஏற்றது. இயேசுவின் பாடுகளுக்கான பழியை அக்கால யூதர் அனைவர்மீதும் வேறுபாடின்றியோ, இக்கால யூதர்மீதோ சுமத்தலாகாது என அது தெளிவுபடுத்தியது.

மொழியும் அறமும்

அறிக்கையின் சொல்லமைதி கூர்ந்து நோக்கத்தக்கது. பழியைச் சுமத்தலாகாது என்னும் அவ்வறிக்கை, இதுகாறும் சுமத்தியவர் யார் எனச் சொல்லவில்லை. யூதர்மீதான வெறுப்பு எக்காலத்தில் எவரால் காட்டப்பட்டிருப்பினும் வருந்தத்தக்கதே என்கிறது. 'எவரால்' என்னும் பொதுச்சொல்லில் திருச்சபையின் பெயர் மறைந்துவிடுகிறது. முன்வரைவில் இடம்பெற்ற 'கடவுட்கொலை' என்னும் சொல்லும் இறுதி வடிவில் நீக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் எருசலேம் மேற்குச் சுவரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வைத்த மன்றாட்டு இதனினும் ஒருபடி முன்னேறியது. எனினும் அம்மன்னிப்பும் இறைவனிடமே வேண்டப்பட்டது.

ஈண்டு ஒரு தடை எழலாம். முன்னோர் குற்றம் யூதரின் வழித்தோன்றல்களைச் சாராதெனின், இன்றைய கிறித்தவரை மட்டும் அது சாருமோ? சாராது என்பதே விடை. குருதிவழியாகக் குற்றம் இறங்குவதில்லை. ஆயின், தொன்றுதொட்டுத் தொடரும் போதிக்கும் அதிகாரத்தைத் தன்னுடையதெனக் கொள்ளும் நிறுவனம், அவ்வதிகாரத்தால் விளைந்த பிழையையும் தன்னுடையதாகவே கொள்ளுதல் வேண்டும். பிறப்பால் வருவது பழியன்று. உரிமை கோருவதால் வருவது பொறுப்பு.

முடிவுரை

விடுவிப்பு என்னும் சொல், குற்றம் சாட்டியவரை நடுவர் இருக்கையிலேயே அமர்த்திவைக்கிறது. சிலப்பதிகாரப் பாண்டியனோ, கோவலன் குற்றமற்றவன் எனத் தீர்ப்பைத் திருத்துவதோடு அமையாமல், கள்வன் என்னும் பெயரைத் தானே ஏற்று அவ்விருக்கையிலிருந்து வீழ்ந்தான். பிழையாகச் சுமத்திய பழியை நீக்குதல் அருளன்று, கடன். அக்கடன் பழியேற்பின்றி நிறைவுறாது எனத் துணியலாம்.