வாக்கியம் முடியாத பக்கம்

1837ஆம் ஆண்டு சார்லஸ் டார்வினுக்கு 28 வயது. பீகிள் கப்பல் பயணம் முடிந்து லண்டனில் இருந்தவர், தோலட்டை போட்ட சிறு குறிப்பேடுகளில் மனத்தில் பட்டதையெல்லாம் எழுதிவந்தார். அவற்றில் ஒன்றின் 36ஆம் பக்கத்தில், “நான் நினைக்கிறேன்” என்று ஆரம்பிக்கிறார். என்ன நினைக்கிறார் என்று வாக்கியத்தை முடிக்கவில்லை. கீழே கிளைவிட்ட மரமொன்று கோட்டுப் படமாக நிற்கிறது. சில கிளைகளின் நுனியில் குறுக்குக் கோடு: அவை இன்றும் வாழும் இனங்கள். மற்றவை அழிந்தவை.

அந்தப் பக்கத்தின் மேல் எனக்குத் தீராத பிரியம். நினைப்பதென்றால் முடிந்த கருத்தை எடுத்து வைப்பது என்றே நாம் பழகிவிட்டோம். எந்தச் செய்தி வந்தாலும் உடனே ஒரு கருத்து இருந்தாக வேண்டும். “யோசித்துச் சொல்கிறேன்” என்பவர் மழுப்புகிறார் என்று நினைக்கிறோம். வகுப்பிலும் முதலில் கை தூக்கும் பிள்ளைக்கே பாராட்டு. பாதி உருவான எண்ணத்தைப் பாதியாகவே வைத்திருக்க யாருக்கும் இடம் கொடுப்பதில்லை.

டார்வின் வைத்திருந்தார். 1838இல் மால்தஸின் மக்கள்தொகை நூலைப் படித்தபோது இயற்கைத் தேர்வு என்னும் கருத்து அவருக்குப் பிடிபட்டது. 1842இல் பென்சிலால் அதன் சுருக்கம் ஒன்றை எழுதினார். 1844இல் அது சுமார் 230 பக்கமாக வளர்ந்தது. தான் இறந்துபோனால் அதை அச்சிடும்படி மனைவி எம்மாவுக்குக் கடிதமும் எழுதி வைத்தார். ஆனால் வெளியிடவில்லை. 1846 முதல் எட்டு ஆண்டுகள், பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் பார்னக்கிள் என்னும் சிற்றுயிர்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துதான் தள்ளிப்போட்டார் என்பார்கள். பயமும் இருந்திருக்கலாம். ஆனால் ஓர் இனத்துக்குள்ளேயே எத்தனை வேறுபாடு உண்டு என்பதை அந்தச் சிற்றுயிர்கள்தான் அவருக்குக் காட்டின. அந்த எட்டு ஆண்டுகளும் நினைப்பின் வேலைதான் என்பேன். 1858இல் இயற்கையியலாளர் வாலஸிடமிருந்து அதே கருத்தோடு தபால் வந்த பிறகுதான் அவசரம் பிறந்தது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய ஒரு பழக்கம். தன் முடிவுக்கு எதிரான செய்தி எது கண்ணில் பட்டாலும் உடனே எழுதி வைத்துவிடுவார். சாதகமானவற்றைவிட அவைதான் மனத்திலிருந்து சீக்கிரம் நழுவுகின்றன என்று தன்வரலாற்றில் சொல்கிறார். நாம் செய்வதோ நேர்மாறு: நமக்கு ஒத்துப்போவதை மட்டும் சேர்த்துக்கொண்டு, அதை யோசனை என்கிறோம். இயற்கைத் தேர்வை விளக்கி 1859இல் வந்த அவருடைய நூலின் ஆறாம் அத்தியாயம் முழுக்கத் தன் கோட்பாட்டுக்கு எழும் சிக்கல்களைப் பற்றியது. கண் போன்ற நுட்பமான உறுப்பு எப்படிச் சிறிது சிறிதாக உருவாகியிருக்கும் என்ற கேள்வியை, எதிராளி கேட்கும்வரை காத்திராமல் அவரே எடுத்துப் போட்டுப் பக்கம் பக்கமாக மல்லுக்கட்டுகிறார்.