பிள்ளைக்கு இரண்டு வயதாகிவிட்டது, இன்னும் எதற்குக் காத்திருக்கிறீர்கள்?

"அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான், பேசாம இரு அம்மிணி" என்று துடியலூர்ப் பக்கம் ஏதாவது ஓர் அப்பத்தா சொல்லத்தான் செய்வார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அதை நம்பி ஒரு வருஷத்தைத் தொலைக்காதீர்கள். இரண்டு வயதாகியும் சொந்தமாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? கூப்பிட்டால் திரும்பவில்லையா? விரல் நீட்டிக் காட்டவில்லையா? இந்த வாரமே கிளம்புங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பிறகு ஆட்டிசமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கோவை அரசு மருத்துவமனையில் இத்தகைய பிள்ளைகளைச் சிறுவயதிலேயே பரிசோதிக்கும் மையம் இருக்கிறது. காசு கேட்கமாட்டார்கள்.

வசம்பை நாக்கில் தேய்த்து நாளைக் கடத்த வேண்டாம். ஸ்டெம்செல் ஊசிக்கு நகையை அடகு வைக்கவே வேண்டாம். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாதென்று தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. தாய் வேலைக்குப் போனதால் வந்ததும் அல்ல ஆட்டிசம். மருமகள் தலையில் பழி போடுகிறவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள்.

தெரபிக்கு அனுப்புங்கள். அதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள், நீங்களும் வீட்டில் பழக்குங்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு ஓர் ஆய்வு நடந்தது. 2016-ல் முடிவு வெளியானது. பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்டிப் பழக்கினார்கள். பழக்கியவர்கள் பெரிய நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். பிள்ளைகள் தாமாகவே பெற்றோரை நாடுவது கூடியது.

அப்படி விளையாட்டாகவே உங்கள் வாசலிலும் பழக்கலாம். பையனுக்குக் குழாய்த் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்கப் பிடிக்குமா? அவன் எதிரே குந்துங்கள். திறந்து, "தண்ணி" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். மூடுங்கள். "சொல்லு கண்ணு, சொல்லு" என்று நச்சரிக்காமல், மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் அவன் முகத்தையே பாருங்கள். உங்கள் கையைப் பிடித்துக் குழாய்ப் பக்கம் தள்ளினால் அதுவே கேட்பது மாதிரிதான், உடனே திறங்கள். "த்தா" என்றாலும் திறங்கள். முழுதாகச் சொன்னால்தான் என்று பேரம் பேசாதீர்கள்.

பால் வேண்டுமென்றால் "பால் வேணுமா?" என்றே அவன் கேட்கக்கூடும். நீங்கள் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்கிறான், கேலி செய்யாதீர்கள். "பால் வேணும்" என்று அவன் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொண்டே டம்ளரைக் கொடுங்கள்.

வீட்டில் பேசுவது தமிழோ தெலுங்கோ கன்னடமோ, அதிலேயே பேசுங்கள். பள்ளிக்கூடத்துக்காக அரைகுறை இங்கிலீஷில் பேசப் போனால், அப்பத்தா பேசுவதெல்லாம் அவனுக்கு வெறும் சத்தமாகிவிடும்.

சில பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு வராமலே போகலாம். அவர்களிடமிருந்து சைகையையும் படத்தையும் பிடுங்காதீர்கள். படம் காட்டினால் பேச்சு நின்றுவிடும் என்பது வீண் பயம். சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி, பிள்ளை படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கிறது.

இன்னொன்று: விருந்தாளி வந்ததும் பிள்ளையை நடுவீட்டில் நிறுத்தி, "மாமாவுக்குப் பேர் சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். வந்தவருக்குக் காப்பி கொடுங்கள், போதும்.